என்-400 அனுப்பிய பிறகு கண்ணில் படும் பிழைகள்

கேள்வி சுருக்கமாக இதுதான். அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை இணையத்தில் நிரப்பி, பணமும் கட்டி அனுப்பியாயிற்று. அப்புறம் பிரதியை எடுத்து நிதானமாகப் படித்தால் வரிசையாகப் பிழைகள். ஊரிலிருந்து திரும்பிய தேதி ஒரு நாள் தள்ளி விழுந்திருக்கிறது. பழைய வீட்டு முகவரியில் அப்பார்ட்மென்ட் எண் இல்லை. முந்தைய வேலையை விட்ட மாதம் தவறு. எப்போதோ 150 டாலர் அபராதம் கட்டிய ஸ்பீடிங் டிக்கெட்டைச் சொல்லவில்லை. பழைய சான்றிதழ்களில் இனிஷியலோடு இருக்கும் பெயரையும் குறிப்பிடவில்லை. இதனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுமா, பொய் சொன்னதாக ஆகிவிடுமா, வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாக அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

வாபஸ் வாங்க வேண்டாம். கட்டிய 710 டாலர் திரும்பி வராது (காகிதப் படிவமென்றால் 760), வரிசையிலும் பின்னால் போய்விடுவீர்கள். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நேர்காணலில் திருத்திக்கொள்ளலாம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்தப் படிவம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. நண்பர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்தப் படிவத்தை நிரப்ப உதவி வருகிறேன். வக்கீல் இல்லை, அதனால் வக்கீல் தேவைப்படும் இடம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் படிவத்தின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அனுப்பும்போது நீங்கள் போட்ட கையெழுத்து ஒன்று. அது போக, நேர்காணலின்போது அதிகாரி முன்னால் போட வேண்டிய இன்னொரு கையெழுத்துக்கும் இடம் விட்டிருப்பார்கள். அதற்கு மேலே உள்ள வாசகத்தின் சாரம்: 1 முதல் இத்தனை வரை எண்ணிட்ட திருத்தங்கள் உட்பட, இந்தப் படிவத்தில் உள்ளவை உண்மை என்று உறுதி கூறுகிறேன். எத்தனை திருத்தம் என்பதற்குக் காலியாக இடம் விட்டே அச்சடித்திருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டு, கைரேகை கொடுத்து, நேர்காணல் வருவதற்குள் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வீடு மாறும், வேலை மாறும், ஊருக்கு ஒரு தடவை போய் வந்திருப்பீர்கள். அதனால் திருத்தம் இல்லாமல் முடிகிற நேர்காணல்தான் அபூர்வம். அதிகாரி உங்களைச் சத்தியம் செய்யச் சொல்லிவிட்டு, படிவத்தை ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டே போவார். மாறியிருப்பதைச் சொல்லச் சொல்லத் திருத்துவார், கடைசியில் கையெழுத்து வாங்குவார். அதிகாரி முன்னால் நீங்கள் உண்மை என்று உறுதி கூறுவது, திருத்தம் முடிந்து அன்றைக்குக் கையெழுத்தான படிவத்தைத்தான்.

இவ்வளவு இருந்தும் நம் ஆட்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. சான்றிதழில் ஓர் எழுத்து மாறியதற்காக அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வரைக்கும் அலைந்தவர்கள் நாம். பிழை என்றாலே அது நம் குற்றம், திருத்துவதும் நம் தலையெழுத்து என்று பழகிவிட்டோம். என்-400-இல் பெரும்பாலான பிழைகளுக்கு அந்தக் கனம் கிடையாது. ஆனால் சில இடங்களில் நிஜமாகவே உண்டு. நான் பார்த்த வரையில், அப்பார்ட்மென்ட் எண்ணுக்காகத் தூக்கம் கெடுகிறவர்கள் அந்தச் சில இடங்களைத்தான் வேகமாக 'இல்லை' என்று தட்டிவிட்டுக் கடந்திருப்பார்கள். கவலைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் விஷயம்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பயணத் தேதி. கடந்த 5 வருடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்த பயணங்களை எழுதச் சொல்கிறார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு நாள் பிழையின் எடை தானாகப் புரியும். அவர்கள் இரண்டு கணக்குப் பார்க்கிறார்கள். ஐந்து வருடத்தில் மொத்தம் 30 மாதமாவது நாட்டுக்குள் இருந்தீர்களா என்பது ஒன்று (அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, 3 வருட விதியில் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம்). எந்த ஒரு பயணமாவது 6 மாதத்தைத் தாண்டியதா என்பது இன்னொன்று. மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தவருக்கு ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு கணக்கிலும் எதுவும் மாறாது. கிளம்பிய நாளையும் திரும்பிய நாளையும் உள்ளே இருந்த நாட்களாகவே எண்ணுகிறார்கள். சென்னையில் நள்ளிரவு விமானம் ஏறி, நேர வித்தியாசக் குழப்பத்தில் ஒரு நாள் மாறிப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

அதே ஒரு நாள், ஆறு மாதத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் கதை வேறு. பிள்ளைகளோடு இருக்கக் கிரீன் கார்டில் வந்த பெற்றோர்களுக்கு இது அடிக்கடி வரும். ஜனவரியில் ஊருக்குப் போய், கல்யாணம், கண் ஆபரேஷன், வீட்டு வாடகைப் பஞ்சாயத்து எல்லாம் முடித்து ஜூலையில் திரும்பியிருப்பார்கள். 178 நாளா, 184 நாளா என்பது அங்கே முக்கியம். ஆறு மாதம் தாண்டி, ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால், தொடர்ந்து வசித்த கணக்கு அறுந்துவிட்டது என்று அனுமானிப்பார்கள். அது அனுமானம்தான், மறுக்க முடியும். இங்கே வீடு இருந்தது, குடும்பம் இங்கேயே இருந்தது, வேலையை விடவில்லை, அங்கே வேலைக்குச் சேரவில்லை என்று தாள்களோடு காட்ட வேண்டும். ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் கணக்கு நிஜமாகவே அறுந்துபோகும். இந்த எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பயணம் இருந்தால் பாஸ்போர்ட் முத்திரை, டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் வைத்துத் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே பிடிவாதமாக இருப்பதில் தப்பில்லை.

இன்னொன்று, தேதிப் பிழையைவிட அதிகம் நடப்பது: பயணத்தையே விட்டுவிடுவது. டெட்ராய்ட், பஃபலோ பக்கம் இருப்பவர்கள் டொராண்டோவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளிக்கிழமை காரில் போய் ஞாயிறு இரவு திரும்புவார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, அதனால் நினைவிலும் நிற்காது. ஆனால் அது 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். கனடாவும் அமெரிக்காவும் 2013 முதல் தரைவழி எல்லைத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. நீங்கள் அங்கே நுழைந்தது இங்கே வெளியேறியதாகப் பதிவாகும். பழைய மின்னஞ்சல், போட்டோ தேதி, கிரெடிட் கார்டு பில் எல்லாம் பார்த்து முடிந்தவரை மீட்டெடுங்கள். சரியான தேதி கிடைக்கவில்லையென்றால் உத்தேசம் என்று சொல்லிவிட்டு மாதத்தைக் கொடுங்கள். நாலு வாரயிறுதிப் பயணம் விட்டுப்போனதற்காக யாரும் நிராகரிப்பதில்லை, ஆனால் கேட்கும்போது "வேறு எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு நிற்பது நல்லதில்லை.

அப்பார்ட்மென்ட் எண். காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டு முகவரியில் விட்டுப்போனது என்றால் நேர்காணலில் ஒரு வரியில் முடிந்துவிடும். இப்போதைய தபால் முகவரியில் விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே உங்கள் யூஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) இணையக் கணக்கில் போய்ச் சரிசெய்யுங்கள். அது கௌரவப் பிரச்சினை இல்லை, தபால் பிரச்சினை. கைரேகை நோட்டீஸும் நேர்காணல் நோட்டீஸும் வீட்டுக்கு வராமல் போய், நேர்காணல் தவறிவிட்டால் விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுவார்கள். ஒரு வருடத்துக்குள் எழுதிக் கேட்டுத் திறக்கலாம்தான், ஆனால் அந்த அலைச்சல் எதற்கு? நோட்டீஸ் கணக்கிலும் தெரியும் என்பதால் வாரம் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். வீடு மாறினால் 10 நாளைக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் தெரிவிப்பது தனிச் சட்டக் கடமை. அதையும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

வேலை முடிந்த மாதம் தவறியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருத்துங்கள், போதும். கன்சல்டிங் கம்பெனியில் இருந்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவும்: சம்பளம் கொடுத்த கம்பெனியைத்தான் எழுத வேண்டும், நீங்கள் போய் உட்கார்ந்த கிளையன்ட்டை அல்ல. வேலையில்லாமல் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நம்முடைய தனிச்சொத்து. ஆர். செந்தில்குமார் என்று பள்ளிச் சான்றிதழ், செந்தில்குமார் ராமசாமி என்று பாஸ்போர்ட், ராமசாமி முதலில் வந்து செந்தில்குமார் பின்னால் போன ஒரு பழைய விசா, இன்னொன்றில் ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' கூடுதல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்திருக்கும். படிவத்தில் இப்போதைய சட்டப்படியான பெயருக்கு ஓர் இடம், பிறந்ததிலிருந்து பயன்படுத்திய மற்ற பெயர்களுக்கு ஓர் இடம் இருக்கின்றன. அந்த இரண்டாவது இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இனிஷியல் வடிவம், கல்யாணத்துக்கு முந்தைய பெயர், எழுத்து மாறிய வடிவம் எல்லாம் அங்கே போகலாம். நிறையப் பெயர் எழுதினால் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்துச் சுருக்குகிறவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர்: பின்னணிச் சோதனையில் வேறு வடிவம் ஒன்று கிளம்பி, அது படிவத்தில் இல்லாமல் இருந்தால்தான் கேள்வி வரும். அனுப்பிவிட்டீர்களென்றால் இதையும் திருத்தப் பட்டியலில் சேருங்கள்.

பெயர்க் குழப்பத்தை ஒரேயடியாக முடித்துக்கொள்ள இதே படிவத்தில் வழி இருக்கிறது. பெயர் மாற்றம் கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நீதிமன்றம் நடத்தும் சத்தியப்பிரமாண விழாவில்தான் அது நிறைவேறும் என்பதால் சில ஊர்களில் காத்திருப்பு நீளும். எஃப்என்யு ஆசாமிகளுக்கு அந்தக் காத்திருப்பு கட்டாயம் தகும் என்பது என் கருத்து.

பிறந்த தேதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு அந்த உறுத்தல் இருக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டி, தலைமையாசிரியர் எழுதிய ஜூன் மாதத் தேதி ஒன்று. ஜாதகத்தில் வேறொன்று. பாஸ்போர்ட், விசா, கிரீன் கார்டு எல்லாவற்றிலும் பள்ளித் தேதியே இருந்தால் அதையே எழுதுங்கள். ஆனால் வெவ்வேறு அரசாங்கத் தாள்களில் வெவ்வேறு தேதி கொடுத்திருந்தால் அதை இப்போதே, சத்தியப்பிரமாணத்துக்கு முன்னால், தீர்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் ஏறிய பிறகு, 'என் உண்மையான பிறந்த தேதி வேறு' என்று போனால் விதிகள் அதை ஏற்பதில்லை. இதற்கு வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழிக்கலாம்.

ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் பாதி முக்கியமான விஷயம் இது ஒன்றுதான். கைது எதுவும் நடக்காமல், மது, போதை சம்பந்தமில்லாமல், 500 டாலருக்குக் குறைந்த அபராதமோ லைசென்ஸில் பாயின்ட்டோ மட்டும் என்றால் அதற்கு ஆவணம் இணைக்க வேண்டியதில்லை என்று படிவத்தின் வழிமுறைகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. ஆவணம் தேவையில்லை என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று எடுத்துக்கொள்வது தான் தவறு. சொல்லிவிடுங்கள். எந்த மாநிலம், எந்த வருடம், எவ்வளவு அபராதம், கட்டியாயிற்று. அவ்வளவுதான். குடியுரிமைக்கு நிபந்தனையாகக் கேட்கும் நன்னடத்தையை ஒரு டிக்கெட் கெடுக்காது. அடுக்கடுக்காக டிக்கெட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்கவும். 2025 ஆகஸ்டில் யூஎஸ்சிஐஎஸ் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய உத்தரவில், நன்னடத்தையை மேலோட்டமாக அல்லாமல் முழு வாழ்க்கையையும் வைத்து எடைபோடச் சொன்னார்கள். வழக்கமாகவே போக்குவரத்து விதியை மீறுகிறவர்களை அதில் ஓர் உதாரணமாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் எல்லா டிக்கெட்டுக்கும் நீதிமன்றத் தாளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பொய் சொன்னதாக ஆகிவிடுமா என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட இதே ஸ்பீடிங் விஷயத்தைப் பேசி. திவ்னா மஸ்லென்யாக் என்ற பொஸ்னிய செர்பியப் பெண், கணவரின் ராணுவப் பின்னணியை மறைத்து அகதியாக வந்து குடியுரிமையும் பெற்றவர். பிறகு அது வெளிப்பட்டுக் குடியுரிமை பறிக்கப்பட்டது. குடியுரிமை பெறும் வழியில் எந்தப் பொய் சொல்லியிருந்தாலும் பறிக்கலாம், அது முடிவை மாற்றியிருக்க வேண்டியதில்லை என்பது அரசாங்கத்தின் வாதம். 2017 ஏப்ரலில் விசாரணை நடந்தபோது தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், தான் ஒருமுறை 55 மைல் எல்லை உள்ள சாலையில் 60-இல் ஓட்டியதாகவும் மாட்டிக்கொள்ளவில்லை என்றும் சொல்லி, அதைப் படிவத்தில் எழுதாமல் விட்ட ஒருவரின் குடியுரிமையைப் பல வருடம் கழித்துப் பறிக்கலாமா என்று கேட்டார். அரசு வக்கீல் பின்வாங்கவில்லை. நீதிபதிகள் திகைத்துப்போனது விசாரணைப் பதிவிலேயே தெரிகிறது. அந்த ஜூனில் நீதிபதி கேகன் எழுதிய தீர்ப்பு வந்தது. குடியுரிமை கிடைத்ததில் அந்தப் பொய்க்கு ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும், சம்பந்தமில்லாத சின்னப் பொய்யை வைத்துப் பறிக்க முடியாது. முடிவில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாகவே நின்றார்கள். இதற்கு முன்பே, 1988-இல், குங்கிஸ் என்ற லிதுவேனியக்காரர் வழக்கில், பிறந்த தேதியையும் ஊரையும் தவறாகச் சொன்னது முடிவைப் பாதிக்கும் தன்மையுள்ளதாக நிரூபிக்கப்படவில்லை என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஆனால் அந்த 1988 தீர்ப்பிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும். சத்தியம் செய்துவிட்டு, குடியேற்றப் பலன் பெறுவதற்காக, ஏமாற்றும் எண்ணத்தோடு வாயால் பொய் சொன்னால், அது எவ்வளவு அற்ப விஷயமானாலும் நன்னடத்தை இல்லை என்று ஆகிவிடும். உண்மையைச் சொல்லியிருந்தால் எந்தப் பாதிப்பும் இருந்திருக்காது என்ற வாதம் அங்கே எடுபடாது. மறதிக்கும் தட்டச்சுப் பிழைக்கும் தண்டனை இல்லை, ஏனென்றால் அங்கே எண்ணம் இல்லை. ஆனால் அந்த டிக்கெட் இப்போது உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நேர்காணலில் அதே கேள்வி வரும். அப்போது படிவத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று மறுபடி 'இல்லை' என்றால், கைதவறிய பிழை அந்த நிமிடம் பொய்யாக மாறிவிடும். அதிகாரி எடுத்துக் காட்டுவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவதற்கும், காட்டிய பிறகு ஒப்புக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சரி, நிஜமாகவே கவலைப்பட வேண்டிய இடங்கள் எவை? படிவத்தில் வாழ்நாள் முழுவதையும், எந்த நாட்டில் நடந்ததையும் சேர்த்துக் கேட்கும் கேள்விகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் நிறுத்தி, வீட்டில் பேசி, பதில் சொல்லுங்கள்.

கைது பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி நாட்களில் மறியலுக்குப் போய், போலீஸ் வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாயங்காலம் விட்டுவிட்ட அனுபவம் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு உண்டு. நமக்கு அது கைதாகவே படாது, சாப்பாடு எப்படியிருந்தது என்பதுதான் ஞாபகம் இருக்கும். ஆனால் தடுத்து வைக்கப்பட்டீர்களா என்று கேட்கிறார்கள், பதில் 'ஆம்' தான். என்ன போராட்டம், எத்தனை மணி நேரம், வழக்குப் பதிவாகவில்லை என்று எழுதிக் கொடுங்கள். வழக்குப் பதிவாகியிருந்தால், அது எப்படி முடிந்தது என்ற தாளோடு வக்கீலைப் பாருங்கள்.

அடுத்தது ஓட்டு. டிஎம்வியில் (வாகன உரிம அலுவலகம்) லைசென்ஸ் எடுக்கும்போது, வாக்காளராகப் பதிய விருப்பமா என்ற கேள்விக்குத் தெரியாமல் சரி என்று தட்டியவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வாக்காளர் அட்டை எப்போதாவது வந்ததா என்று யோசியுங்கள். வந்திருந்தால் நேர்காணலுக்கு முன்பே வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். குடிமகன் என்று சொல்லிப் பதிந்ததும், உண்மையில் ஓட்டுப் போட்டதும் குடியுரிமையை மட்டுமல்ல, கிரீன் கார்டையே ஆட்டிவிடக்கூடியவை.

அமைப்புகள் பற்றிய கேள்வி இன்னொன்று. கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகவோ தொடர்பிலோ இருந்தீர்களா என்று கேட்கிறார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அது சாதாரண தேர்தல் கட்சி, மாணவர் அமைப்பில் சந்தா கொடுத்தவர்கள் ஏராளம். இங்கே சட்டம் விண்ணப்பத்துக்கு முந்தைய 10 வருட உறுப்பினர் நிலையைத் தனியாகவே பார்க்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதைவிடக் கூர்மையான பிரச்சினை: விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. கட்டாயத்தின் பேரில் கொடுத்த பணமானாலும் செய்த வேலையானாலும், அகதி மனுவில் அன்றைக்கு என்ன சொன்னீர்களோ அதோடு இன்றைய பதில் பொருந்த வேண்டும். பழைய கோப்பு முழுவதும் அதிகாரியின் கையில் இருக்கும். பழைய மனுவின் பிரதி இல்லாமல் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் எழுத வேண்டாம்.

18 முதல் 26 வயதுக்குள் கிரீன் கார்டோடு இருந்த ஆண்கள் செலக்டிவ் சர்வீஸில் (கட்டாய ராணுவ சேவைக்கான பதிவேடு) பதிந்திருக்க வேண்டும். பையன்கள் விஷயத்தில் இதைப் பெற்றோர்கள் கோட்டை விடுகிறார்கள். அந்த வயதில் மாணவர் விசா, ஹெச்-1பி, ஹெச்-4 போன்ற முறையான தற்காலிக விசாவில் இருந்தவருக்கு அது தேவையில்லை. வரி பாக்கி இருக்கிறதா என்ற கேள்விக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வரிக்கணக்கு டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பாக்கி இருந்தாலும், தவணைத் திட்டம் போட்டு ஒழுங்காகக் கட்டி வந்தால் சமாளிக்கலாம்.

இன்னும் அனுப்பாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நன்னடத்தைக்குச் சம்பந்தமே இல்லாமல் காகிதத்தைத் திருப்பி அனுப்பவைக்கும் பிழைகள் உண்டு: கையெழுத்து இல்லாமை, பழைய பதிப்புப் படிவம், தவறான கட்டணம். திரும்பி வந்தால் சரிசெய்து மறுபடி அனுப்பலாம், நாள்தான் போகும். இவற்றைவிட மோசமானது அவசரம். ஐந்து வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்னால் விண்ணப்பிக்கலாம். 91 நாள் முன்னால் அனுப்பினால் தகுதி இல்லை என்று நிராகரிப்பார்கள், பணமும் போகும். கணக்கு, கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, கார்டில் அச்சாகியிருக்கும் 'ரெசிடென்ட் சின்ஸ்' தேதியிலிருந்து. இரண்டு மூன்று நாள் கூடுதலாகவே விட்டு அனுப்புங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஒரு பக்கத்தில் திருத்தப் பட்டியல் எழுதுங்கள். படிவத்தின் எந்தப் பகுதி, எந்தக் கேள்வி எண், என்ன எழுதியிருந்தது, எது சரி. கதை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இணையக் கணக்கில் கேட்காமலே ஆவணம் சேர்க்கும் வசதி இருக்கிறது, அதில் ஒருமுறை ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு பிழை கண்ணில் படும்போதும் தனித்தனிக் கடிதம் அனுப்புவதால் எந்த லாபமும் இல்லை. நேர்காணல் வரை அந்தப் பக்கத்திலேயே சேர்த்துக்கொண்டே போங்கள், புதிய பயணம், புதிய வேலை உட்பட. நேர்காணல் அன்று இரண்டு பிரதி கொண்டு போங்கள். சத்தியம் முடிந்ததும் "ஐ ஹேவ் எ ஃப்யூ கரெக்ஷன்ஸ்" என்று சொல்லிவிட்டால், அப்போதே வாங்கிக்கொள்வார் அல்லது அந்தந்தப் பகுதி வரும்போது சொல்லச் சொல்வார். இரண்டும் சரிதான்.

பெற்றோருக்கு இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் பழக்கிவிடுங்கள். அவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி: எல்லாக் கேள்விக்கும் 'நோ' சொன்னால் பாஸ் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். படிவத்தைப் பற்றிய பேச்சே ஆங்கிலம் பேசும் தேர்வாகவும் இருப்பதால், கேள்வி புரியவில்லை, மறுபடி கேளுங்கள் என்று சொல்வதில் தவறேயில்லை. 50 வயது தாண்டி 20 வருடம் கிரீன் கார்டில் இருந்தவர்களும், 55 தாண்டி 15 வருடம் இருந்தவர்களும் மொழிபெயர்ப்பாளரோடு தமிழிலேயே நேர்காணலை முடிக்கலாம்.

நேர்காணல் முடிவில் என்-652 என்ற தாள் கொடுப்பார்கள். அதில் தொடர்கிறது என்று குறித்திருந்தால் தோல்வி என்று அர்த்தமில்லை, ஏதோ ஆவணம் வேண்டும் அல்லது பரிசீலனை முடியவில்லை. நிராகரித்தே விட்டாலும் 30 நாளைக்குள் என்-336 போட்டு மறுவிசாரணை கேட்கலாம். உங்கள் பட்டியலில் உள்ளவற்றால் அதற்கு அவசியம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கும் அந்தப் பழக்கத்தை இரண்டு தருணத்துக்காக எடுத்து வையுங்கள். ஒன்று, சத்தியப்பிரமாண நாளில் நிரப்பிக் கொடுக்க வேண்டிய என்-445 படிவம். நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, புதிதாக டிக்கெட் வாங்கினீர்களா, திருமணம் ஆனதா என்று அதில் கேட்பார்கள். மற்றது, கையில் கொடுக்கும் குடியுரிமைச் சான்றிதழ். போட்டோ எடுக்க ஓடுவதற்கு முன், அந்த அரங்கத்திலேயே நின்று பெயர், பிறந்த தேதி, பழைய குடியுரிமை நாடு மூன்றையும் படியுங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்றால், சான்றிதழைத் திருத்தக் கேட்கும் என்-565 படிவம் போட வேண்டும். பிழை அவர்களுடையது என்றால் கட்டணம் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை அமெரிக்க பாஸ்போர்ட்டும் நிற்கும், அதை நம்பியிருக்கும் இந்திய பாஸ்போர்ட் ஒப்படைப்பும் ஓசிஐ அட்டையும் நிற்கும்.